முதலில் கால்களைப் பாருங்கள்: ரெட்ரோ பாணியில் வீட்டை அமைக்க

ரெட்ரோ பாணியில், அதாவது 1950, 60களின் சாயலில், வீட்டை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். கடுகு மஞ்சளும் ஆரஞ்சும் சுவரில் ஏறிய பிறகு, அதற்குப் பொருந்தும் சோபாவைத் தேடி அலைகிறார்கள். நான் கால்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1950களின் அறைகலன்களுக்கு அந்த அழகைத் தருபவை, கீழே போகப் போக மெலிந்து சற்றே வெளிப்புறம் சாயும் கால்கள்தான். சோபாவுக்கும் அலமாரிக்கும் அடியில் 15 சென்டிமீட்டராவது தரை தெரியட்டும். சின்ன அறைகூட விசாலமாகிவிடும், துடைப்பமும் தடையின்றி உள்ளே போகும்.

புதிதாகச் செய்த ரெட்ரோ பாணி அலமாரியை வாங்கும் முன் மேல்பலகையில் கைவைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே ஆடினால், புத்தகங்களும் ரிக்கார்டு பிளேயரும் ஏறிய பிறகு அந்த ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. அடுத்து இழுப்பறைகளின் முகப்பு. கவனமான வேலையில் மர ரேகை ஒரு முகப்பில் தொடங்கி அடுத்ததிலும் அறுபடாமல் ஓடும். பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடான வெனீரை, ஒரே தகட்டிலிருந்து வரிசை மாறாமல் வெட்டி ஒட்டினால்தான் அது கைகூடும். ஒரே முடிச்சு, ஒரே சுழி எல்லா முகப்பிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சிட்ட தாள். வெனீர் என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்து நல்ல அலமாரிகள் பலவும் தேக்கு, வால்நட் வெனீர் போர்த்தியவைதான்.

ஓர் அறைக்குக் கண்ணை இழுக்கும் பொருள் ஒன்று போதும். எல்லாவற்றையும் ஒரே பத்தாண்டிலிருந்து எடுத்து அடுக்கினால் வீடு அருங்காட்சியகமாகிவிடும். மற்றவை எளிய, இன்றைய பொருள்களாகவே இருக்கட்டும். சாப்பாட்டு மேசைக்கு நான் முதலில் சொல்வது டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலியின் சாயலில் அமைந்தவற்றை. முதுகும் கைப்பிடியும் ஒரே வளைவு. அதைத் தாங்க நடுவில் கவட்டை போன்ற ஒரு மரத்துண்டு. இருக்கையை முறுக்கிய காகிதக் கயிற்றால் கையாலேயே பின்னுகிறார்கள். ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 120 மீட்டர் கயிறு செலவாகும். அதே சாயலில் வேறெதை வாங்கினாலும் பின்னல் இறுக்கமாக இருக்கிறதா என்று இருக்கையை விரலால் அழுத்திப் பாருங்கள். மேசை சிறியதென்றால் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈரோ சாரினென் பாணியில் நடுவே ஒற்றைத் தண்டு கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் எதிலும் இடிக்காது.

விளக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். கூரையில் துளையிட முடியாத வாடகை வீடென்றால், வளைந்து நீளும் தரை விளக்கே வழி. இத்தாலிய வடிவமைப்பாளர்களான காஸ்டிலியோனி சகோதரர்களின் ஆர்க்கோ விளக்கு 1962இல் இதற்காகவே பிறந்தது. அதன் பளிங்கு அடிப்பாகத்தில் ஒரு துளை இருக்கிறது. துடைப்பக் கம்பை அதில் நுழைத்தால் இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்தலாம். அழகுக்கென்று தோன்றும் ஒன்றுக்குள் இவ்வளவு அக்கறை ஒளிந்திருப்பதுதான் எனக்கு இந்தப் பாணியின் மீது தீராத பிரியத்தைத் தந்தது. நீங்கள் வாங்குவது வேறு எதுவானாலும் அடிப்பாகம் நல்ல கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்து. மேசைக்கு மேல் தொங்கும் விளக்கென்றால் மேசைப் பரப்பிலிருந்து 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் சரி. பல்பு 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம் தருவது. வெள்ளை வெளிச்சத்தில் தேக்கின் செம்மை செத்துவிடும்.

நிறம் கடைசியில். தரைவிரிப்பை முதலில் விரியுங்கள், அதிலிருந்து ஒரே ஒரு நிறத்தை எடுத்துக் குஷனுக்குக் கொடுங்கள். சுவர் வெளிறிய நிறத்திலேயே நிற்கட்டும். கதிர்போல் விரியும் சுவர்க் கடிகாரம் வேண்டுமென்றால், அந்தச் சுவரில் வேறு படம் எதையும் மாட்டாதீர்கள்.

தொலைக்காட்சியை மறைக்கப் பாடுபட வேண்டாம். அதைவிட அகலமான, தாழ்வான அலமாரி ஒன்றை அதன் கீழே வையுங்கள். முதுகுப் பலகையில் வயர் போகத் துளை இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தச்சரிடம் சொல்லி, பலகையின் கீழ் மூலையில் போட்டுக்கொள்ளலாம்.