மே 21: தெருமுனைப் பலகையில் 'இன்று' எழுதுவது எப்படி

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கமெல்லாம் தெருவுக்கு ஒரு மன்றமோ படிப்பகமோ இருக்கும், வாசலில் ஒரு கரும்பலகையும் இருக்கும். இரங்கல் செய்தியும் கேரம் போட்டி அறிவிப்பும் இல்லாத நாட்களில் அது சும்மாதான் கிடக்கிறது. அதில் 'இன்று என்ன நாள்' என்று எழுதிப் பாருங்கள், லீவில் வீட்டில் இருக்கிற பசங்க தினமும் வந்து நிற்பார்கள். நான் நான்கு கோடையாக எங்கள் தெருவில் எழுதுகிறேன். மே 21-ஐ வைத்துச் சொல்கிறேன், அந்த ஒரு நாளிலேயே எல்லா வகையும் இருக்கிறது.

முந்தின நாள் ராத்திரியே செய்திகளைச் சேர்த்துவிடுங்கள். இருபது கிடைக்கும், ஐந்துக்கு மேல் எழுதாதீர்கள். எதை வைப்பது என்று குழம்பினால், இந்தத் தெருவில் யாருக்கு இது சொந்தமாகத் தோன்றும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மே 21 சர்வதேசத் தேநீர் தினம். மூலையில் இருக்கிற டீக்கடை மாஸ்டர் காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறார், அவருக்கு என்று ஒரு நாள் இருப்பதை அவர் கடைக்கு எதிரிலேயே எழுதுவதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இதில் ஒரு சிக்கல். சில பழைய பட்டியல்களில் டிசம்பர் 15 என்று இருக்கும். அதுவும் தப்பில்லை, தேயிலை விளைகிற நாடுகளின் தொழிலாளர் அமைப்புகள் 2005 முதல் அந்தத் தேதியில்தான் கொண்டாடின. ஐ.நா. பொதுச்சபை 2019-ல்தான் மே 21 என்று அறிவித்தது. அதனால் 'ஐ.நா. அறிவித்த' என்று சேர்த்து எழுதிவிட்டால் யாரும் வந்து சண்டை போட முடியாது.

அடுத்தது பந்து. 1904 மே 21 அன்று பாரிஸில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தொடங்கியது. வியாசர்பாடியில் சாயங்காலம் ஒரு நடை போனால் தெரியும், காலில் செருப்பு இல்லாவிட்டாலும் பந்து இருக்கும். அந்தப் பசங்களுக்கு வெறும் ஆண்டை மட்டும் எழுதிப் பயனில்லை. பிரான்ஸ், பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, ஸ்பெயின், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து என்று ஏழே நாடுகள் கூடித் தொடங்கியது அது, கால்பந்துக்கு 1863-லேயே விதி எழுதிய இங்கிலாந்து அதில் இல்லை, மறு வருடம்தான் சேர்ந்தது. இதை எழுதிய அன்று பலகை முன்னால் பெரிய வாக்குவாதமே நடந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வரலாற்றுச் செய்தியில் ஒரு சொல் விட்டுப்போனாலும் மொத்தமும் பொய்யாகிவிடும். முதல் வருடம் நான் 'விமானத்தில் முதன்முதலில் அட்லாண்டிக்கைக் கடந்தவர் லிண்ட்பெர்க், 1927' என்று எழுதிவிட்டேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர் நின்று படித்தார்.

"தம்பி, 1919-லயே ரெண்டு பேர் நிக்காம கடந்துட்டாங்கப்பா. இவரு தனியா போனாரு. அந்தத் 'தனியா'வ எங்க?"

"விட்டுட்டேன் ஐயா, இப்பவே சேத்துடறேன்."

அவர் சொன்னது ஆல்காக், பிரவுன் இருவரையும். அன்றிலிருந்து 'முதல்' என்று எழுதும்போதெல்லாம், எதில் முதல் என்று இரண்டு இடத்தில் பார்க்காமல் சாக்பீஸைத் தொடுவதில்லை. லிண்ட்பெர்க் நியூயார்க்கில் கிளம்பியது 20-ஆம் தேதி, சுமார் 33½ மணி நேரம் பறந்து பாரிஸில் இறங்கியதுதான் 21. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1932 மே 21-ல், அமேலியா ஏர்ஹார்ட் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண் ஆனார். பாரிஸுக்குக் கிளம்பியவர் வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

பிறந்தநாளில் நடிகர் பெயர் ஒன்று இருந்தால்தான் கூட்டம் நிற்கும், அதனால் மோகன்லால், 1960. அவருக்குக் கீழே மேரி ஆனிங், 1799. இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எனக்கோ இதுதான் அன்றைய பலகையிலேயே பிடித்த வரி. இங்கிலாந்தின் கடலோர ஊரில் ஏழை வீட்டுப் பெண், கரையில் பாறை இடுக்கில் கிடைக்கிற புதைபடிவங்களைப் பொறுக்கி விற்றுத்தான் பிழைப்பு. அண்ணன் ஒரு பெரிய மண்டை ஓட்டைக் கண்டுபிடிக்க, கொஞ்ச நாளில் மீதி உடலை மேரி கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இக்தியோசர் என்ற கடல் ஊர்வன அது. காசிமேட்டில் சங்கும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு இதை நின்று விளக்கிச் சொல்லுங்கள்.

துக்கச் செய்தியும் இதே தேதியில் இருக்கிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார், அவரோடு காவலர்களும் கட்சிக்காரர்களும் பொதுமக்களும் இறந்தார்கள். நம் ஊரிலிருந்து பக்கம்தான், அந்த ராத்திரியை மறக்காதவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். டீ கிளாஸ் படத்துக்கும் பந்துக்கும் நடுவில் இதைச் செருகக் கூடாது. பலகையின் மேல்பகுதியில் தனியாகக் கோடு போட்டு, வெள்ளை எழுத்தில் மட்டும், அலங்காரம் இல்லாமல் ஒரு வரி எழுதுங்கள்.

எழுதுகிற வேலை சுலபம். கலர் சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து எழுதினால் காய்ந்ததும் பளிச்சென்று நிற்கும், கடல் காற்றுக்கும் கை பட்டாலும் சீக்கிரம் உதிராது. மூன்று அங்குல எழுத்து இருந்தால் எதிர்ப் பக்கத்திலிருந்தே படிக்கலாம். ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள், குழாயடிக்கு வருகிற அக்காக்கள்தான் முதல் வாசகர்கள், கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் அங்கே யாரும் நிற்க முடியாது.

கடைசி வரியை எப்போதும் கேள்விக்கு விடுங்கள், பதில் மறுநாள் பலகையில். மே 21-க்கு நான் எழுதுவது இது: 'நாளை யார் பிறந்தநாள்? வங்காளம், 1772, உடன்கட்டை ஏறுவதை எதிர்த்தவர்.'