ஃபிரேசல் வெர்ப்: 'இட்' எங்கே உட்காரும்?

வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் மாதிரி ஒரு குட்டிச்சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதுதான் ஃபிரேசல் வெர்ப். இது தெரிந்ததுதானே, நேரே வேலைக்கு வருவோம்.

முதலில், கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர் என்று வரிசையாக அடுக்கிய பட்டியல்களை மூடி வையுங்கள். ஒரே வினையில் தொடங்குபவற்றை மொத்தமாகப் படித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். வாசிக்கும்போது எதிர்ப்படுவதை, அது வந்த வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள். வெறும் 'டேக் ஆஃப்' என்று எழுதி என்ன பயன்? விமானம் கிளம்புவதும் அதுதான், சட்டையைக் கழற்றுவதும் அதுதான்.

அடுத்தது செயப்படுபொருள் வரும் இடம், இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் லைட்டுக்குப் பதில் 'இட்' போட்டால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான். 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. ஹிம், தெம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அப்படியானால் எதை வேண்டுமானாலும் பிரிக்கலாமா என்றால், அதுவும் கிடையாது: 'லுக் ஆஃப்டர் ஹெர்' உண்டு, 'லுக் ஹெர் ஆஃப்டர்' இல்லை, 'கெட் ஓவர் இட்' (அதிலிருந்து மீள்வது) உண்டு, 'கெட் இட் ஓவர்' என்றால் அந்தப் பொருள் வராது.

எது பிரியும் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது, அகராதிதான் வழி. மொழிபெயர்ப்பு ஆப்களை நான் இதற்குத் தொடுவதே இல்லை, அவை பொருளைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. லாங்மேன் அகராதி இணையத்தில் இலவசம். அதில் 'டர்ன் சம்திங் ஆஃப்' என்று நடுவில் சம்திங்கும் இருபக்க அம்புக்குறியும் இருந்தால் பிரியும், சம்திங் கடைசியில் நின்றால் பிரியாது.

அப்புறம், நோட்டில் எழுதிய ஃபிரேசல் வெர்பை வைத்து நீங்களே இரண்டு வாக்கியம் எழுதுங்கள், ஒன்றில் பெயர்ச்சொல், இன்னொன்றில் 'இட்'. இரண்டாவதுதான் உண்மையான பயிற்சி. அலுவலகக் கடிதம் என்றால் 'புட் ஆஃப்' வேண்டாம், 'போஸ்ட்போன்' போதும், பேச்சில் நேர்மாறு.

பின்சேர்க்கை: மூன்று சொல் வருபவற்றைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். 'புட் அப் வித் இட்' போன்றவற்றில் 'இட்' கடைசியில்தான் வரும். 'லுக் ஃபார்வர்ட் டு' வந்தால் அடுத்து 'மீட்டிங்', 'மீட்' அல்ல. இன்னொன்று, நம்மவர்கள் தாராளமாக எழுதும் 'கோப் அப் வித்' தப்பு. 'கோப் வித்' தான், அப்பை எடுத்துவிடுங்கள்.