பறக்கும் தட்டை வில்லால் அடிக்க: இறகம்பு கட்டுவது முதல்

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் நடந்தவர்களுக்குக் கௌதாரி காலடியிலிருந்து விர்ரென்று கிளம்புவது தெரியும். அதை அடிக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பதும், அதற்கு முயல்வதும், காட்டுப் பறவையின் முட்டையைக் குலைப்பதும் வேட்டைதான். ஆனால் அந்த வித்தையைப் பழக உயிர் தேவையில்லை, வீசி எறியும் ரப்பர் தட்டு போதும்.

30 முதல் 35 பவுண்ட் இழுவிசையுள்ள ரிகர்வ் வில் (முனைகள் முன்பக்கம் வளைந்தது) இதற்குச் சரி. அதற்கு மேல் போனால் வேகமாக இழுத்து விட முடியாது, கை நடுங்கும்.

வில்லைவிட அம்புதான் முக்கியம். மேல்நோக்கி விட்ட சாதாரண அம்பு நூறு மீட்டரைச் சுலபமாகத் தாண்டிப் போய் யார் தோட்டத்திலாவது விழும். ஆகவே ‘ஃப்ளூ-ஃப்ளூ’ என்ற அகல இறகு அம்பைக் கட்ட வேண்டும். முதல் பதினைந்து மீட்டர் ஒழுங்காகப் பறக்கும். அதன்பின் இறகு காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடும்.

30 அங்குலத் தண்டு எடுங்கள். வான்கோழிச் சிறகின் பெரிய இறகுகள் நான்கு வேண்டும். நான்கும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். இடதும் வலதும் எதிரெதிராக வளைந்தவை. கலந்தால் அம்பு சீராகச் சுழலாமல் தள்ளாடும். நடுக்காம்பைப் பிளந்து, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தட்டையாகத் தேயுங்கள். 5 அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள், அழகுக்காகச் செதுக்கினால் வேலையே கெட்டது. நாண் மாட்டும் பிளவிலிருந்து 3 செ.மீ. தள்ளி, நான்கையும் சம இடைவெளியில் ஒட்டி, இரு முனையையும் நூலால் இறுக்கிச் சுற்றிப் பசை தடவுங்கள். முன்முனையில் நூல் தளர்ந்தால் இறகின் காம்பு கையைக் கிழிக்கும். பிளாஸ்டிக் இறகு வேண்டாம். வில்லில் உரசும்போது மடங்காமல் அம்பைத் தட்டிவிடும்.

முனை மொட்டையாக இருக்கட்டும், 8 கிராம் அளவில் ரப்பர் முனை. கூர்முனை புல்லுக்கடியில் நுழைந்து தொலையும். மொட்டை அம்பு துள்ளி மேலேயே கிடக்கும்.

தட்டுக்குச் செருப்பு ஷீட் இரண்டை ஒட்டி 30 செ.மீ. வட்டமாக வெட்டுங்கள், ஏறத்தாழ ஒரு கௌதாரியின் நீளம். பத்துக்கு ஆறு படும்போது 20 செ.மீ.க்கு இறங்கலாம், அது காடை அளவு.

இடம், தண்ணீர் வற்றிய கண்மாய். பறவைகள் இறங்கியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எதிரே 150 மீட்டருக்கு ஆடு மேய்ப்பவரோ பாதையோ இருக்கக் கூடாது. தட்டு எறிபவர் வில்லாளிக்கு ஓரடி பின்னால் பக்கவாட்டில் நிற்பார். அவர் நின்ற பிறகுதான் அம்பை நாணில் மாட்ட வேண்டும்.

முதலில் பத்து மீட்டர் முன்னால் நேர் மேலே எறியச் சொல்லுங்கள். உச்சியில் தட்டு ஒரு கணம் நிற்கும், அப்போது விடுங்கள். அது பழகியபின் குறுக்கே எறியட்டும். அம்பு நொடிக்கு 40 மீட்டர் போனால் பத்து மீட்டரைக் கடக்கக் கால் நொடி ஆகும்; நொடிக்கு 6 மீட்டரில் போகும் தட்டு அதற்குள் ஒன்றரை மீட்டர் நகர்ந்திருக்கும். அநேகமாக எல்லாருக்கும் அம்பு தட்டுக்குப் பின்னால்தான் போகும். கணக்குத் தெரியாததால் அல்ல, நாணை விடும் நேரத்தில் வில்லைப் பிடித்த கை நின்றுவிடுவதால். தட்டின் பின்னாலிருந்து வில்லை ஓட்டி, அதை முந்தும்போது விடுங்கள். விட்ட பிறகும் கை ஓடட்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும், அம்பு முனையைப் பார்க்க வேண்டாம். முழுக்க இழுத்துக் காத்திருப்பது இன்னொரு பழக்கக்கேடு.

ஆடிக்காற்றில் இந்த அம்பு சருகுபோல ஒதுங்கும். அந்த மாதத்தில் விடிகாலை தவிர வீண்வேலை. செம்மண்ணிலும் சீமைக்கருவேல நிழலிலும் பழுப்பு இறகு கண்ணில் படாது, மஞ்சளோ ரோஸோ சாயமேற்றுங்கள். தேடும்போது தடித்த அடியுள்ள ஷூ அவசியம். கிடைத்த கார்பன் அம்பை லேசாக வளைத்துக் காதருகே வையுங்கள்; நொறுங்கும் சத்தம் கேட்டால் உடைத்து எறிந்துவிடுங்கள், அடுத்த முறை அது கைக்குள் சிதறும். ஐப்பசி ஈரத்தில் இறகு படுத்துவிட்டால் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் அரை நிமிடம் சுழற்றுங்கள், நிமிர்ந்துவிடும்.