இரண்டு படி, ஒரே பெட்டகம்: சர்வர் டிஸ்க்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை இரண்டு படியாக எழுதுவார்கள். இரு வீட்டாரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டில் கரையான் அரித்தாலும் மறு வீட்டில் ஒன்று பத்திரமாக இருக்கும். சர்வரில் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இயக்கும் முறை, போட்டுவிட்டால் இதே காப்பு கிடைத்துவிட்டதாகக் காரைக்குடியில் நான் வேலை பார்த்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். ரெய்டும் படி எடுக்கும்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெட்டகத்துக்குள் வைக்கும். நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறந்ததால் வந்தவை.

முதல் தவறு பெயரை நம்புவது. ‘ரெய்டு 0’ என்பதில் காப்பு எதுவும் கிடையாது. தகவலைத் துண்டுபோட்டு எல்லா டிஸ்க்குகளிலும் பரப்புவதால் வேகம் கூடும், ஒன்று பழுதானால் அத்தனையும் போகும். 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் 1 முதல் 5 வரையான நிலைகள்தான் இருந்தன. 0 பிறகு வந்து ஒட்டிக்கொண்ட எண்.

ரெய்டு 1 அப்படியே இரட்டைப் படி. ரெய்டு 5ஐப் புரிந்துகொள்ளப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று தொகைகளை எழுதிக் கீழே கூட்டுத்தொகையும் போட்டிருக்கிறோம். ஒரு தொகை அழிந்தால் கூட்டிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு தொகைகள் அழிந்தால் முடியாது. அந்தக் கூட்டுத்தொகைக்குப் பெயர்தான் பாரிட்டி. ரெய்டு 6 வேறொரு கணக்கு முறையில் இரண்டாவது பாரிட்டியையும் எழுதி வைப்பதால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். 8 டிபி டிஸ்க் நான்கு இருந்தால் ரெய்டு 5இல் 24 டிபி கிடைக்கும். ரெய்டு 6இலும், ரெய்டு 1இன் இரட்டைப் படியோடு 0இன் துண்டுபோடுதலையும் சேர்த்த ரெய்டு 10இலும் 16 டிபிதான். அந்த 8 டிபி வீணாகிறதே என்று எல்லோரும் தயங்குகிறார்கள்.

எங்கள் ஊர்ப் புகைப்பட நிலையம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அதே நான்கு டிஸ்க், ரெய்டு 5. ஒரு டிஸ்க்கின் விளக்கு மாதக்கணக்கில் மஞ்சளாக எரிந்திருக்கிறது. “ஒன்று போனாலும் ஓடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அண்ணே?” என்றார் உரிமையாளர். நான் சொன்னது உண்மை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் காப்பு எதுவும் இல்லை என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். புது டிஸ்க் போட்டதும், போன டிஸ்க்கில் இருந்ததை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அதில் எழுதும் மீளமைப்பு தொடங்கியது. நொடிக்கு 150 எம்பி வேகம் என்றாலும் 8 டிபியை எழுத ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மீதி மூன்று டிஸ்க்குகளும் முழுதாக வாசிக்கப்படும். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை, ஒரே அளவு உழைத்தவை. பத்தாவது மணி நேரத்தில் இரண்டாவது டிஸ்க் நின்றது. ஆறு கல்யாணங்களின் படப்பதிவில் இரண்டைத்தான் மீட்டோம், அதுவும் கேமரா கார்டுகளை அழிக்காமல் வைத்திருந்ததால்.

சாதாரண டிஸ்க்குகள் பலவற்றின் விவரத் தாளில் பத்தின் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு வாசிப்புப் பிழை வரை வரலாம் என்று போட்டிருக்கும். அது ஏறத்தாழ 12.5 டிபி. நடைமுறையில் பல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் 24 டிபியைப் பிழையின்றி வாசித்தாக வேண்டிய நிலையில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார நான் விரும்பவில்லை. பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 அல்லது 10தான் என்று இப்போது பிடிவாதமாகச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்குகளையும் முழுதாக வாசித்துச் சரிபார்க்கும் வசதியையும், பழுதானால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியையும் இயக்கி வையுங்கள். மஞ்சள் விளக்கை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

பழுதானதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது இன்னொரு விபத்து. ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணையும் அதன் தட்டிலேயே எழுதி ஒட்டுங்கள். தொகுப்பு முழுதும் நின்றுபோனால், திரையில் ‘இனிஷியலைஸ்’ (டிஸ்க்குகளைப் புதிதாகத் தொடங்கவா) என்று கேட்பதற்குச் சரி என்று அழுத்தவே கூடாது. அணைத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே படியெடுத்த பிறகுதான் மீட்கும் வேலை. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் கார்டில் பேட்டரி இல்லாதபோது, எழுத வேண்டியதை நினைவகத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரைட் கேஷை இயக்குவதும் ஆபத்து. மின்சாரம் பட்டென்று போனால் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோகும். பழைய வீடுகளில், நல்ல பூட்டு இருக்கிறது என்பதற்காகச் சன்னல் இல்லாத உள்ளறையில் சர்வரை வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் அங்கே டிஸ்க் வெந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்பது. கணக்காளர் தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் அழிக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்து பூட்டினால் பாரிட்டியோடு சேர்த்துப் பூட்டியதாகவே இருக்கும். திருட்டுக்கும் தீக்கும் முன்னால் எந்த நிலையும் நிற்காது.

அந்தப் புகைப்பட நிலையத்தில் இப்போது ரெய்டு 6. அதோடு இரண்டு வெளி டிஸ்க்குகள் மாறி மாறிச் சனிக்கிழமைதோறும் தேவகோட்டையில் உரிமையாளரின் அக்காள் வீட்டுக்குப் போகின்றன. அங்கே எந்தக் கணினியிலும் செருகப்படாமல் அலமாரியில் இருக்கும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மூன்றாவது மாதமே பயன் தெரிந்தது. டிஸ்க் நிறைந்துபோய் இரண்டு வாரமாகப் புதிதாக எதுவுமே பதிவாகவில்லை.