வேலையை ஒப்படைத்ததும் கேட்க வேண்டிய கேள்வி

ஒருவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இதில் முதலில் எதைச் செய்யப்போகிறீர்கள், எப்போது என்னிடம் காட்டுவீர்கள்?" என்று கேளுங்கள்.

மேலாளர் "புரிந்ததா?" என்று கேட்டால் பாதி புரிந்தவரும் தலையாட்டிவிடுவார், புரியவில்லை என்று சொன்னால் தம்மைத் திறமையற்றவராக நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கமே அதற்குக் காரணம். முதல் படியை அவர் வாயாலேயே சொல்லச் செய்தால், நீங்கள் சொன்னதற்கும் அவர் எடுத்துக்கொண்டதற்கும் உள்ள இடைவெளி அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் கேட்டது வாடிக்கையாளர் வாரியாக ஒரே பக்கத்தில் அடங்கும் விற்பனைச் சுருக்கமாக இருக்க, அவர் பொருள் வாரியாகப் பழைய கணக்குகளையெல்லாம் திரட்டக் கிளம்பியிருந்தால், இரண்டு நாள் உழைப்பு வீணாவதற்கு முன்பே அதைத் திருத்திவிடலாம். கட்டுப்பாட்டு மையம் தரும் முக்கிய உத்தரவுகளை விமானிகள் திருப்பிச் சொல்வதும் இதற்காகத்தான். ஆனால் அலுவலகத்தில் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க வைக்காதீர்கள். யாருக்கும் அது பிடிக்காது.

அன்றாடம் செய்து பழகிய வேலைகளுக்கு இது தேவையில்லை. நீண்ட அனுபவமுள்ளவரிடம் கேட்டால், தம்மை நம்பவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார். அவரிடம் முடிக்க வேண்டிய தேதியை மட்டும் உறுதிசெய்துகொண்டால் போதும். எதை எதிர்பார்க்கிறோம் என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்றாலும் இந்தக் கேள்வி பயன்படாது. அப்போது இருவரும் உட்கார்ந்து பேசி வேலையின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும்.