இடது மேலறையை எக்கோவில் அளக்கும்போது நேரும் தவறுகள்

பலதுறை மருத்துவமனையிலிருந்து மூச்சிரைப்புக்காக எக்கோ என்னும் இதய ஒலியலைப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் மூத்தோரின் அறிக்கையில், இதயத்தின் இடது மேலறை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. கீழறையின் அழுத்தம் நெடுங்காலம் கூடியிருந்ததா என்பதற்குத் தடயம் தருவது அந்த அறைதான் என்பதால், அந்த ஒரு வரியில் பிழை இருக்கக்கூடாது.

முன்பின் விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு "இயல்பு" என்று எழுதுவது பழைய பழக்கம். முன்னே மார்பெலும்பும் பின்னே முதுகெலும்பும் நெருக்குவதால், மேலறை மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் விரிந்த பிறகும் அந்த விட்டம் அதிகம் மாறாமல் இருக்கலாம். ஆகவே கொள்ளளவைத்தான் கணக்கிட வேண்டும்.

கொள்ளளவிலும் பிழை பெரும்பாலும் படத்திலேயே தொடங்கிவிடுகிறது. கீழறைக்கும் மேலறைக்கும் நீள அச்சு ஒன்றல்ல. கீழறைக்காகப் பிடித்த காட்சியிலேயே மேலறையையும் அளந்தால் அது குறுகித் தெரியும். அண்மையில் ஒரு மூதாட்டிக்கு நான்கு அறைகளும் தெரியும் நான்கறைக் காட்சியில் மேலறையின் நீளம் 4.6 செ.மீ., இடப்பக்க அறைகள் மட்டும் தெரியும் இரண்டறைக் காட்சியில் 5.5 செ.மீ. எனக் கண்டேன். இவ்விரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் ஏதோ ஒரு காட்சி சரியில்லை என்றே கொள்ள வேண்டும். "அம்மா, இன்னும் கொஞ்சம் இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லி, மார்பில் வைக்கும் ஒலியலைக் கருவியான ப்ரோபைச் சற்றே சாய்த்ததும் முதல் நீளம் 5.3 ஆனது. கருவியைக் குறை சொல்வதற்குமுன் நம் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மேலறையின் எல்லைக்கோட்டை வரைய வேண்டியது, அதற்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு திறப்பதற்குச் சற்று முந்தைய படத்தில். அப்போதுதான் மேலறை முழுதும் நிரம்பியிருக்கும். கோட்டை வால்வின் வளையத்தோடு நிறுத்த வேண்டும். இதழ்களின் நுனிவரை இழுக்கக்கூடாது. மேலறையில் வந்து சேரும் நுரையீரல் சிரைகளும் அதோடு ஒட்டிய காதுமடல் போன்ற பையும் கணக்கில் சேராது.

கொள்ளளவை உடற்பரப்பால் வகுக்காமல் விடுவது இன்னொரு தவறு. 60 மி.லி. என்பது 2.0 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஆடவருக்குச் சதுர மீட்டருக்கு 30 மி.லி.தான், 1.5 சதுர மீட்டர் உள்ள சிறிய உடலமைப்புடைய பெண்ணுக்கோ 54 மி.லி. இருந்தாலே 36 ஆகி, இயல்புக்கான 34 என்ற மேல்வரம்பைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதெல்லாம் நோயுமல்ல: நீண்டநாள் ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கும் மேலறை பெரிதாக இருக்கும்.

மேலறையின் செயல்பாட்டை ஸ்ட்ரெயினால், அதாவது சுவர் எத்தனை விழுக்காடு நீள்கிறது, சுருங்குகிறது என்பதால், மதிப்பிடுவோர் அளவைத் தொடங்கும் பூச்சியப் புள்ளியைக் குறிப்பிடாமல் விடுகிறார்கள். இதய மின்வரைபடமான ஈசிஜியில், கீழறை சுருங்குவதைக் குறிக்கும் ஆர் அலையிலிருந்து தொடங்கினால் ஓர் எண், மேலறை சுருங்குவதைக் குறிக்கும் பி அலையிலிருந்து தொடங்கினால் வேறோர் எண்; இரண்டையும் ஒப்பிட இயலாது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும் மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பி அலையே இல்லாததால், சுருங்கும் கட்டத்தின் மதிப்பைத் தேடுவது வீண்வேலை. அவருக்குப் பல துடிப்புகளின் சராசரியை எடுத்து, அளக்கும்போது நடுக்கம் இருந்தது என்பதையும் அறிக்கையில் பதிய வேண்டும்.