செருப்புக் கடைக் குடோனும் 16 சீட்டுகளும்: அல்காரிதம் கற்கத் தொடங்குவோருக்கு

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் என் தாய்மாமனுக்கு ஒரு செருப்புக் கடை இருந்தது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கோடையில் அங்கே எடுபிடியாக நின்றேன். கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குடோன். மே மாதத்தில் அதற்குள் ஐந்து நிமிடம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆம்பூரிலிருந்து வரும் பெட்டிகளை வந்த வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடுவோம். ஒருநாள் ஒருவர் எட்டாம் சைஸ் கறுப்பு ஷூ கேட்டார். அது அடியிலிருந்து இரண்டாவது பெட்டி. மேலே உள்ளதை இறக்கச் சோம்பல்பட்டு அப்படியே உருவினேன். அடுக்கு முழுவதும் என் தலையில் சரிந்தது. ஓடிவந்த மாமா அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. "வைக்கும்போது யோசித்திருந்தால் எடுக்கும்போது இந்தக் கூத்து எதற்கு?" என்றார்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அவர் சொன்னது ஒரு பாடத்தின் சாரம் என்று தெரிந்தது. பொருளை எப்படி வைக்கிறோம் என்பது டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தரவுக் கட்டமைப்பு. வைத்ததைத் தேட, எடுக்க, மாற்றி அடுக்க நாம் பின்பற்றும் படிப்படியான விதிகள் அல்காரிதம். பள்ளிப் பாடநூல் இதை நெறிமுறை என்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயர் லத்தீனில் திரிந்து அல்காரிதம் ஆயிற்று. வளாக நேர்காணலுக்கு முந்தைய இரவில் நிரல்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் தடுமாறிவிடுவார்கள். ஆகவே இங்கே நிரலே கிடையாது. பழைய காலண்டர் தாளைக் கிழித்து 16 சீட்டுகள் செய்துகொள்ளுங்கள். ஒரு பேனா, ஒரு நோட்டு, ஒரு தரை போதும்.

படி 1: இடத்துக்கு எண் கொடுங்கள்

சீட்டுகளில் 1 முதல் 100 வரை மனம்போன 16 எண்களை எழுதி, கவிழ்த்து, ஒரே வரிசையில் பரப்புங்கள். ஒவ்வொரு சீட்டின் கீழும் தரையில் சாக்பீஸால் 0, 1, 2 என்று 15 வரை எழுதுங்கள். இதுதான் அர்ரே. தமிழில் அணி.

ஏன் 0-இல் தொடங்க வேண்டும்? எல்லாரும் இடறும் இடம் இது. தரையில் எழுதிய எண்ணை, முதல் சீட்டிலிருந்து எத்தனை சீட்டு தள்ளி என்று படியுங்கள். முதல் சீட்டு தன்னிடமிருந்து 0 தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். இப்படிப் படித்தால் கணக்கு சுலபமாகிறது. கணினி நினைவகத்தில் ஓர் அணி 1000-ஆம் முகவரியில் தொடங்குகிறது, ஒவ்வோர் எண்ணும் 4 பைட் இடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 41 என்று இடஎண் கொண்ட சீட்டு எங்கே? 1000 + 41 × 4 = 1164. நேராக அங்கே போகலாம். நடுவில் இருக்கும் 41 சீட்டுகளையும் தொடவே வேண்டாம். சரிந்து விழுந்த மறுவாரம் மாமா குடோனில் மரத்தட்டு அடித்து, அறைக்கு அறை எண் ஒட்டியதும் இதற்காகத்தான்.

குறையும் உண்டு. நான்காவது இடத்தில் புதுச் சீட்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் ஒவ்வோர் இடம் தள்ள வேண்டும்.

படி 2: நேராகத் தேடுங்கள்

நண்பரை ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். இடமிருந்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் 16. சீட்டு 1000 ஆனால் 1000 தடவை வரை திருப்ப நேரும். எப்படி வைத்தாலும் வேலை செய்யும் ஒரே தேடல் இது என்பதால் இகழ வேண்டாம். பத்துப் பதினைந்து பொருள்தான் என்றால் நானும் இப்படித்தான் தேடுகிறேன்.

படி 3: வரிசைப்படுத்துங்கள்

பல புத்தகங்கள், பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகளை ஒப்பிட்டு இடம் மாற்றிக்கொண்டே போகும் குமிழி வரிசையாக்கத்தில் தொடங்குகின்றன. நான் வேண்டுமென்றே அதை விடுகிறேன். குடோனில் யாரும் அப்படி அடுக்கிப் பார்த்ததில்லை. மனிதக் கைக்கு இயல்பாக வருவது செருகும் வரிசையாக்கம். ரம்மி ஆடுபவர் கையில் சீட்டைச் சொருகும் முறை அது.

ஐந்து சீட்டை மட்டும் எடுங்கள்: 42, 17, 63, 8, 29. முதல் சீட்டு 42. ஒற்றைச் சீட்டு என்பதால் அது ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கிறது. அடுத்தது 17. அதைக் கையில் எடுத்து, இடப்பக்கம் பெரியது இருந்தால் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளுங்கள். 42 நகர்கிறது, 17 முன்னால் அமர்கிறது. 63 வரும்போது இடப்பக்கம் இருப்பது 42, சிறியது. ஒன்றும் நகர வேண்டாம். 8 வந்ததும்தான் ரகளை: 63, 42, 17 மூன்றும் நகர்ந்து வழிவிடுகின்றன. கடைசியாக 29. அதற்காக 63-உம் 42-உம் நகர்கின்றன. 17 சிறியது என்பதால் அதோடு நிறுத்தலாம். இப்போது தரையில் 8, 17, 29, 42, 63. மொத்தம் ஆறு நகர்த்தல்கள்.

இனி சீட்டுகளை முற்றிலும் தலைகீழாக, பெரியதிலிருந்து சிறியதாக வைத்துத் தொடங்குங்கள். ஐந்து சீட்டுக்குப் பத்து நகர்த்தல்கள் வரும். 16 சீட்டுக்கு 120. 1000 சீட்டுக்கு 4,99,500. சரக்கு இரட்டிப்பானால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பிக் ஓ என்று பாடத்தில் மிரட்டும் குறியீடு சொல்வதெல்லாம் இந்த வளர்ச்சியின் போக்கைத்தான். 1945-இல் ஜான் வான் நாய்மன் என்ற கணித அறிஞர் உருவாக்கிய இணைப்பு வரிசையாக்கம் பெரிய சரக்குக்கு இதைவிட வெகு வேகமானது. குவியலைப் பாதி பாதியாகப் பிரித்து, தனித்தனியே வரிசைப்படுத்தி, பிறகு சேர்க்கும் முறை. அதை இந்த ஐந்து சீட்டும் மனதில் படிந்த பிறகு படியுங்கள்.

படி 4: பாதியாக வெட்டித் தேடுங்கள்

பட்ட பாட்டுக்குக் கூலி இங்கேதான் கிடைக்கிறது. 16 சீட்டையும் வரிசைப்படுத்திக் கவிழ்த்து வையுங்கள். என் சீட்டுகள் இவை: 3, 8, 12, 17, 21, 29, 34, 42, 47, 51, 58, 63, 70, 76, 88, 95. தேடுவது 58.

இடது விரலை 0-ஆம் இடத்திலும் வலது விரலை 15-ஆம் இடத்திலும் வையுங்கள். நடு இடம், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, மிச்சத்தை விட்டுவிட்டால் 7. திருப்பினால் 42. நமக்கு வேண்டியது பெரியது. ஆகவே 42-உம் அதற்கு இடப்பக்கம் உள்ள அனைத்தும் ஒரே பார்வையில் கழிந்தன. இடது விரல் 8-க்கு வருகிறது. நடு 11, அங்கே 63. பெரிதாகப் போய்விட்டது, வலது விரல் 10-க்கு. நடு 9, அங்கே 51. இடது விரல் 10-க்கு. இரண்டு விரலும் ஒரே சீட்டில். திருப்பினால் 58. நான்கே பார்வை.

இதே சீட்டில் 60-ஐத் தேடுங்கள். அதே பாதையில் 58 வரை வருவீர்கள். 60 பெரியது என்பதால் இடது விரல் 11-க்குத் தாவும். வலது விரலோ 10-இல் நிற்கிறது. விரல்கள் ஒன்றையொன்று தாண்டிவிட்டால் எண் இல்லை என்று பொருள். இந்த நிறுத்தல் விதியை மறந்து எழுதிய என் முதல் நிரல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கணினிதான் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து அரைமணி நேரம் காத்திருந்தேன்.

இப்படிப் பாதி பாதியாக வெட்டித் தேடுவதற்கு இருமத் தேடல் என்று பெயர். இதில் 16 சீட்டுக்கு அதிகம் போனால் ஐந்து பார்வை. 1000-க்கு 10. பத்து லட்சத்துக்கு 20.

இத்தனை சின்ன விதியிலும் வல்லுநர்கள் சறுக்கியிருக்கிறார்கள். ஜாவா என்ற நிரல் மொழியோடு வந்த இருமத் தேடலில் பிழை இருந்ததை 2006-இல் ஜோஷுவா பிளாக் எழுதினார். அந்த நிரலை எழுதியவரும் அவரே. பிழை, இரண்டு விரல்களின் எண்களைக் கூட்டும் வரியில். ஜாவாவின் சாதாரண முழு எண் சுமார் 214 கோடி வரைதான் தாங்கும். சீட்டுகள் 107 கோடியைத் தாண்டினால் அந்தக் கூட்டல் வரம்பை மீறி எதிர்மறை எண்ணாகிவிடும். விரல்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கி இடது விரலோடு கூட்டினால் சிக்கல் தீர்ந்தது.

படி 5: அடுக்கு, வரிசை, சங்கிலி

என்மேல் விழுந்தது ஸ்டாக், அதாவது அடுக்கு: கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். தட்டச்சு செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறும் வசதி இப்படி இயங்குகிறது. காட்பாடி ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர் முன் நிற்பது கியூ. முதலில் வந்தவருக்கு முதலில் டிக்கெட்.

சங்கிலிக்கு, அதாவது லிங்க்டு லிஸ்டுக்கு, சீட்டு வேண்டும். ஐந்து சீட்டுகளில் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அடுத்த ஊரின் பெயரை மட்டும் குறியுங்கள். பிறகு வீட்டில் கண்ட இடத்தில் வையுங்கள், ஒன்று அலமாரியில், ஒன்று அரிசிப் பானைமேல். இப்போது காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் உள்ள லத்தேரியைச் சேர்க்க வேண்டும். காட்பாடிச் சீட்டின் மூலையில் குடியாத்தத்தை அடித்துவிட்டு லத்தேரி என்று எழுதுங்கள். புதுச் சீட்டின் மூலையில் குடியாத்தம். முடிந்தது, வேறெந்தச் சீட்டும் நகரவில்லை. ஆனால் நான்காவது ஊர் எது என்று கேட்டால் காட்பாடியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

படி 6: ஹாஷ்

எனக்கு மிகப் பிடித்தது இது. மாமா கடையில் தையலுக்கு விட்ட செருப்புகளை வைக்கப் பத்து அறை கொண்ட அலமாரி ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் மொபைல் எண்ணில் கடைசி இலக்கம் எதுவோ அந்த அறையில் செருப்பு போகும். அவர் திரும்பி வந்து எண்ணைச் சொன்னதும் மற்ற ஒன்பது அறைகளை ஏறெடுத்தும் பார்க்க வேண்டியதில்லை. பொருளின் பெயரிலிருந்தே இடத்தைக் கணக்கிடும் இந்த விதிதான் ஹாஷ். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இலேயே இந்த யோசனையை எழுதிவைத்தார்.

முதல் இலக்கத்தை ஏன் எடுக்கவில்லை? நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன. ஆறு அறைகள் காலியாகக் கிடக்க, மற்ற நான்கில் செருப்பு பிதுங்கும். நல்ல ஹாஷ் சரக்கைப் பரவலாகச் சிதறடிக்க வேண்டும்.

ஒரே அறைக்கு இருவர் வருவது மோதல். அதைத் தவிர்க்க முடியாது. அந்த அறைக்குள் மட்டும் நேராகத் தேடிக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன்னால் 300 ஜோடிகள் சேர்ந்துவிட்டன, அறைக்குச் சராசரி 30. கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்து 100 அறை வைத்தால் அறைக்கு மூன்றுதான் வரும் என்று மாமாவிடம் சொன்னேன். "தச்சருக்குக் கூலி நீ தருகிறாயா? அலமாரியை எங்கே நிறுத்துவது, உன் தலையிலா?" என்றார். கணினியிலும் இதே பேரம்தான்: வேகம் வேண்டுமென்றால் நினைவகத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அறைகளை மாற்றினால் உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துப் புது விதிப்படி மறுபடி வைக்கவும் வேண்டும். கடைசியில் ஒவ்வோர் அறைக்கும் நடுவே ஷூ பெட்டி அட்டையை வெட்டித் தடுப்பு வைத்தோம். கடைசிக்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படை என்றால் இடப்பக்கம், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம். 20 அறை, அறைக்கு 15 ஜோடி, தச்சருக்குக் காசு இல்லை.

உங்கள் போனில் இருக்கும் ஏதாவது 40 எண்களை எடுத்து, இதே விதிப்படி நோட்டில் 20 கட்டங்களுக்குள் பிரித்து எழுதிப் பாருங்கள். எந்தக் கட்டம் நிரம்பி வழிகிறது, எது வெறுமையாக இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு முதல் இரண்டு இலக்கங்களை வைத்து அதையே இன்னொரு தடவை செய்யுங்கள்.